பானைக்குள் குஞ்சு இருக்கும்போது கூண்டைச் சுத்தம் செய்யலாமா?

கேள்வி: தோட்டத்து வீட்டில் கம்பிவலைக் கூண்டு கட்டி 8 ஜோடி லவ் பேர்ட்ஸ் (பட்ஜெரிகர் என்னும் சிறு கிளிகள்) வளர்க்கிறேன். குஞ்சுகளைக் கடைக்குக் கொடுப்பது வழக்கம். இப்போது 5 பானைகளில் முட்டையும் குஞ்சுமாக இருக்கின்றன. 2 பானைகளில் எச்சம் நனைந்து நாற்றம் வருகிறது. குஞ்சுகளின் காலில் எச்சம் கட்டியாக ஒட்டியிருக்கிறது. கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று வீட்டில் தொடவே விடமாட்டேன் என்கிறார்கள். ஃபினாயில் தெளித்துக் கூண்டைக் கழுவலாமா?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வணக்கம் அம்மா. ஃபினாயில் வேண்டவே வேண்டாம். பறவையின் நுரையீரல் மிக நுட்பமானது, அந்த நெடி பானைக்குள் தேங்கினால் குஞ்சு தாங்காது. பாச்சை உருண்டை, கொசுவர்த்தி, மண்ணெண்ணெய் எதுவும் கூண்டுப் பக்கம் வரக்கூடாது.

கை வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். கூண்டில் பழகிய லவ் பேர்ட்ஸ் வாடைக்காகக் குஞ்சை விடுவதில்லை. அடைகாக்கும்போது வலுக்கட்டாயமாக விரட்டுவது, இருட்டிய பிறகு பானையை அசைப்பது, பானையை இடம் மாற்றுவது, இவைதான் அதை மிரள வைக்கும். தினமும் ஒரே நேரத்தில், இரை வைக்கும்போதே பானையை எட்டிப் பார்த்து வாருங்கள். சில நாளில் பழகிவிடும். தாய் தானாக வெளியே வந்து எச்சமிட்டு இரை எடுக்கும் சமயம்தான் உங்களுக்கான நேரம்.

முட்டை மட்டும் இருக்கும் பானையை இப்போது தொட வேண்டாம். லவ் பேர்ட்ஸ் ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டையிடும். ஒவ்வொன்றும் பொரிய ஏறக்குறைய 18 நாள் ஆகும். அந்த நாட்களில் தாய் எச்சத்தை அடக்கி வைத்து வெளியே வந்துதான் இடும், அதனால் பானை பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். முட்டையில் கறை தெரிந்தாலும் கழுவிவிடாதீர்கள். ஓட்டின் மேலுள்ள மெல்லிய படலம் போய்விட்டால் கிருமி உள்ளே போக வழி கிடைத்துவிடும்.

நீங்கள் சொல்லும் ஈரமும் நாற்றமும் மூத்த குஞ்சு 2 வாரத்தைத் தாண்டியதும் வருவது. 5, 6 குஞ்சுகள் ஒரே பானையில் எச்சமிட்டால் தாயால் சமாளிக்க முடியாது. அந்த 2 பானைகளையும் இன்றே காலையில் பாருங்கள். துணி விரித்த கிண்ணத்தில் குஞ்சுகளை எடுத்து வைத்து, மழுங்கிய கரண்டியால் ஈர எச்சத்தைச் சுரண்டி எடுங்கள். பானையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சுட்ட மண் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், குஞ்சுக்குக் குளிர் தட்டும். அப்புறம் தச்சுப் பட்டறையில் கிடைக்கும் காய்ந்த மரச்சீவலை 2 விரல் உயரத்துக்குப் போட்டு, காய்ந்த பழைய எச்சத்தில் ஒரு பிடியை மேலே தூவி, குஞ்சுகளைத் திரும்ப விட்டுவிடுங்கள். பானை அதே இடத்தில், வாய் அதே பக்கம் பார்த்திருக்க வேண்டும். இதெல்லாம் சில நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை. பானை காய்ந்தே இருக்கும்வரை, அடுத்து 3, 4 நாளுக்கு ஒரு முறை செய்தால் போதும்.

சீவல்தான் வேண்டும், மாவு போன்ற ரம்பத்தூள் மூக்கில் ஏறும். பிளைவுட், வார்னிஷ் பூசிய மரத்தின் சீவலும் ஆகாது. தென்னை நார்த்தூள் ஈரம் பிடித்துப் பூஞ்சை கட்டும், அதையும் தவிருங்கள். வெறும் பானையில் வளரும் குஞ்சுகளுக்குக் கால் வழுக்கி, இரண்டு பக்கமும் விரிந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். சீவல் போட்டால் அதுவும் குறையும்.

காலில் ஒட்டிய கட்டியைப் பிய்க்காதீர்கள், நகமும் விரலும் சேர்ந்து வந்துவிடும். கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் காலை மட்டும் 2, 3 நிமிடம் நனைய விட்டால் கட்டி கரைந்து இளகும். நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே பானைக்குள் விட வேண்டும். அப்படியே அலகையும் பாருங்கள். மேல் அலகின் உட்புறம் இரை காய்ந்து ஒட்டிக்கொண்டால் அலகு கோணலாக வளரும். ஈரமாக்கிய மழுங்கிய குச்சியால் மெதுவாக எடுத்துவிடலாம்.

கூண்டின் அடித்தட்டில் செய்தித்தாள் விரித்துத் தினமும் மாற்றுங்கள். காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்கினால் தூசி பறந்து மூச்சில் ஏறும், அதன் வழியாகப் பறவையிலிருந்து நமக்கு நோய் வரலாம். லேசாகத் தண்ணீர் தெளித்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு வாரி எடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை உட்காரும் குச்சிக்கு நேர் கீழே வைக்காமல், காலை மாலை கழுவி மாற்றுங்கள். ஊறவைத்த தானியம், அவித்த முட்டை கொடுக்கிறீர்கள் என்றால், நம் ஊர் வெயிலில் 2 மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விடாதீர்கள். கெட்டுப்போன இரையைத் தின்று வயிற்றுப்போக்கு வந்தாலும் பானை ஈரமாகும்.

இரவில் பறவைகள் நிலைகொள்ளாமல் தவித்தால் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். பகலில் இடுக்கில் ஒளிந்து இரவில் இரத்தம் உறிஞ்சும் சிவப்பு உண்ணி அது. இரவு கூண்டின் ஓரத்தில் வெள்ளைத் துணி போட்டு, காலையில் சிவப்புப் புள்ளி ஊர்கிறதா எனப் பாருங்கள். இருந்தால் கால்நடை மருத்துவரிடம் பறவைக்குரிய மருந்தும் அளவும் கேட்டு வாங்குங்கள். மாட்டுக்குப் போடும் மருந்தைக் கண்ணளவில் கொடுத்தால் பறவை இறந்துபோகும்.

குஞ்சுகள் 30 முதல் 35 நாளில் வெளியே வரும். அதற்குள்ளேயே தாய் அந்த அழுக்கின் மேல் அடுத்த முட்டையை இடத் தொடங்கிவிடலாம், அதனால் சீவல் போட்ட புதுப் பானை ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். பழையதைச் சுரண்டி, கொதிநீர் ஊற்றிக் கழுவி, சில நாள் நல்ல வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள். இரண்டு ஈடு குஞ்சு எடுத்ததும் பானைகளை எல்லாம் கழற்றி, தாய்ப் பறவைகளுக்குச் சில மாதம் ஓய்வு கொடுங்கள். ஃபினாயில் இல்லாமல் வெறும் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கூண்டை முழுக்கத் தேய்த்துக் கழுவ அதுதான் சரியான சமயம்.