சிரிக்க வைக்கும் பழைய ஷூட்டர் கேம் ஒன்றைச் சொல்ல முடியுமா? இப்போது விளையாடினாலும் நன்றாக இருக்குமா?

கேட்டதும் என் நினைவுக்கு வருவது 'ஆர்ம்டு அண்ட் டேஞ்சரஸ்'தான். 2003 கடைசியில் கணினிக்கும் முதல் எக்ஸ்பாக்ஸுக்கும் வந்தது. உருவாக்கியது பிளானட் மூன் ஸ்டுடியோஸ். வெளியிட்டது, ஸ்டார் வார்ஸ் கேம்களுக்குப் பேர்போன லூகாஸ்ஆர்ட்ஸ்.

கதை எளிமையானது. ஃபோர்ஜ் என்ற கொடுங்கோல் மன்னனை எதிர்த்து, ஒரு மந்திரப் புத்தகத்தைத் திருடக் கிளம்புகிறது ஒரு கும்பல். தலைவன் ரோமன். கூடவே வெடிகுண்டு என்றால் உயிரை விடும் ஜோன்சி என்ற அகழெலி, தேநீர்ப் பிரியனான ஒரு ரோபோ, கிட்டே போக முடியாத அளவுக்கு நாற்றமடிக்கும் ரெக்ஸஸ் என்ற கிழ மந்திரவாதி. இடையிடையே வரும் காட்சிகளில் இவர்கள் அடிக்கும் கூத்து பிரிட்டிஷ் பாணி நையாண்டி. சில இடங்களில் வயிறு வலிக்கச் சிரிக்கலாம், சில இடங்களில் இழுவை.

ஆனால் இந்த கேமை நான் கொண்டாடுவது வசனத்துக்காக இல்லை. சிரிப்பை ஆயுதத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

சுறாத் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். குறிபார்த்துச் சுட்டால் உள்ளிருந்து உயிருள்ள சுறா ஒன்று பாய்ந்து மண்ணுக்குள் போய்விடும். அப்புறம் நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை, பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மேலே துடுப்பு மட்டும் தெரியும். அது தரையைக் கிழித்துக்கொண்டு எதிரியை நோக்கிப் போகும். ஒரு கணம் எதுவும் நடக்காது. சட்டென்று மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்து ஆளை அப்படியே கவ்விக்கொண்டு போய்விடும். சுட்டதும் எதிரி விழுந்திருந்தால் அது வெறும் துப்பாக்கி. அந்தக் காத்திருப்புதான் நகைச்சுவை. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலித்ததே இல்லை.

இன்னொன்று உலகத்தைத் தலைகீழாக்கும் குண்டு. ரோமன் ஒரு திருகாணியைத் தரையில் முடுக்கி அதையே இறுகப் பிடித்துக்கொள்வான். மொத்த உலகமும் புரளும். எதிரிகள் எல்லாரும் வானத்தை நோக்கி 'விழுவார்கள்'. உலகம் மறுபடி நேரானதும் மேலே போனவர்கள் பொத்துப் பொத்தென்று தரையில் வந்து விழுவார்கள். இந்த கேம் ஏன் தேர்ட் பர்சனில், அதாவது நாயகனை வெளியிலிருந்து காட்டும் கோணத்தில், இருக்க வேண்டும் என்பது அங்கே புரியும். ரோமன் அந்தத் திருகாணியைப் பிடித்துத் தொங்குவதை வெளியிலிருந்து பார்த்தால்தான் சிரிப்பு. அவன் கண் வழியாகப் பார்த்தால் தலைசுற்றல்தான் மிஞ்சும்.

இந்த மூளை எங்கிருந்து வந்தது என்று தேடினால் 1997-க்குப் போக வேண்டும். ஷைனி நிறுவனத்தில் 'எம்டிகே' என்ற கேமை உருவாக்கிய நிக் புருட்டியும் அவருடன் இருந்த சிலரும் வெளியே வந்து தொடங்கியதுதான் பிளானட் மூன். எம்டிகேயில் 'உலகின் மிகச் சுவாரசியமான குண்டு' என்று ஒன்று உண்டு. கீழே வைத்தால் எதிரிகள் கூட்டமாக வந்து அதை வேடிக்கை பார்ப்பார்கள், அப்புறம் வெடிக்கும். அதே காத்திருப்பு! நடுவில் 2000-இல் 'ஜயண்ட்ஸ்: சிட்டிசன் கபுட்டோ' என்ற இன்னொரு கோமாளித்தனத்தையும் செய்தார்கள்.

சரி, இப்போது விளையாடலாமா? தாராளமாக. குறை இல்லாமல் இல்லை. ஊர் மதில்மேல் பீரங்கியைப் பிடித்துக்கொண்டு அலையலையாக வரும் படையைச் சுட்டுத் தள்ளும் மிஷன்கள் ஒரே மாதிரி இருக்கும். அங்கே இந்த விசித்திர ஆயுதங்களுக்கு வேலையே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். மற்ற இடங்களில் வீடு, காவல் கோபுரம் எல்லாம் தூள்தூளாகச் சிதறும். தோட்டா நிரப்ப மதுக்கடைக்குப் போக வேண்டும் என்பதும் எனக்குப் பிடித்த ஏற்பாடு.

கணினியில் விளையாட ஸ்டீமில் கிடைக்கிறது. சுறாத் துப்பாக்கி முதல் மிஷனிலேயே கைக்கு வராது, அதனால் ஆரம்பத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பிடித்துப்போனால் அடுத்து எம்டிகே.