வேற்றுக்கிரகத்தில் யாருக்கு முகமூடி?

அன்புள்ள ஐயா,

கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஸ்கூபி டூ பார்த்து வளர்ந்தவன் நான். போன மாதம் மகளுக்காகப் பழைய கார்ட்டூன்களைத் தேடியபோது ‘ஜோசி அண்ட் தி புஸ்ஸிகேட்ஸ் இன் அவுட்டர் ஸ்பேஸ்’ கண்ணில் பட்டது. ஸ்கூபியை எடுத்த அதே ஹன்னா-பார்பெரா கம்பெனி. மர்மத்தில் மாட்டிக்கொள்ளும் அதே மாதிரி பிள்ளைகள், அதே துரத்தல், கூடவே ராக்கெட் வேறு. ஆசையாகத்தான் உட்கார்ந்தேன். இரண்டு கதைக்கு மேல் முடியவில்லை. மகளோ விழுந்து விழுந்து ரசிக்கிறாள். எனக்கு வயதாகிவிட்டதா, இல்லை கதையிலேயே கோளாறா? விண்வெளிக்குப் போனால் சுவாரசியம் கூடத்தானே வேண்டும்?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

வயதெல்லாம் இல்லை. கோளாறு கதையில்தான்.

ஸ்கூபி டூவின் உயிர் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கடைசி இரண்டு நிமிடத்தில். பேயைப் பிடித்துக் கட்டிப்போட்டு, தலையைப் பற்றி ஒரே இழுப்பு. முகமூடி கையோடு வந்துவிடும். உள்ளே நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கப் பார்த்த ஆளோ, கள்ளநோட்டு அடிப்பவனோ முழித்துக்கொண்டிருப்பான். பேய் கிடையாது என்பது பார்க்கிற குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் ‘அப்படியானால் இது யார்?’ என்ற கேள்வி கடைசிவரை இழுத்துக்கொண்டு போகிறது. ராக்கெட் ஏறியதும் அந்தக் கேள்விக்கே வேலை இல்லாமல் போய்விடுகிறது. வேற்றுக்கிரகத்தில் பச்சைத் தோலோடு ஒருவன் எதிரே வந்தால், அவன் நிஜமாகவே பச்சைத் தோல்காரன். இழுத்துப் பார்க்க முகமூடி ஏது? எதுவும் நடக்கலாம் என்கிற ஊரில் துப்பறிய என்ன இருக்கிறது?

சரி, துப்புத்தான் இல்லை, சண்டையாவது இருக்கலாமே என்றால் அதற்கும் வழியில்லை. 1966-இல் இதே கம்பெனி ‘ஸ்பேஸ் கோஸ்ட்’ எடுத்தபோது விண்வெளி என்றால் கதிர்களும் அடிதடியும்தான். அமெரிக்காவில் அப்போதெல்லாம் சனிக்கிழமை காலை என்பது குழந்தைகள் டிவி முன்னால் உட்காரும் நேரம். பெற்றோர் பலரும் இந்த அடிதடியைப் பார்த்துக் கொதித்துப் போனார்கள். 1968-இல் மாசசூசெட்ஸில் பெக்கி சாரனும் இன்னும் சில தாய்மார்களும் சேர்ந்து இதற்காக ஓர் அமைப்பே தொடங்கினார்கள். அதே ஆண்டு அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். டிவியில் வன்முறை என்றாலே சேனல்கள் பயந்த காலம். அடிக்காத, சுடாத கார்ட்டூன் வேண்டும் என்று தேடியபோது பிறந்ததுதான் 1969-இன் ஸ்கூபி டூ. அடிக்கக் கூடாது என்றதும் கதைக்குள் மர்மம் வந்தது. 1972-இன் ஜோசிக்கு மர்மமும் இல்லை, அடியும் இல்லை. மிச்சம் ஓட்டம்தான். அதைத்தான் நீங்கள் இரண்டு கதை பார்த்திருக்கிறீர்கள்.

ஜோசி முதலில் டான் டிகார்லோ வரைந்த ஆர்ச்சி காமிக்ஸ் பாத்திரம். 1970-இல் சிபிஎஸ் சேனலில் தொடராக வந்தபோது பாட்டுக் குழுவோடு ஊர் ஊராகப் போவாள். போகிற இடத்தில் எல்லாம் ஒரு கிறுக்கு விஞ்ஞானியோ உளவாளியோ வந்து சேருவான். 16 கதைகள். அப்புறம் அதே குழுவைத் தூக்கி ராக்கெட்டில் வைத்து இன்னொரு 16. பூமிக்குத் திரும்ப வழி தேடிக்கொண்டே கிரகம் கிரகமாக மாட்டிக்கொள்கிறார்கள். எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் ஆங்கிலம் பேசுகிறார்கள். காற்றில்லாத வெளியில்கூட ஸ்டூடியோ சிரிப்பொலி தெளிவாகக் கேட்கிறது!

ஆனாலும் அதன் தொடக்கக் காட்சியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ராக்கெட் முன்னால் போட்டோ எடுக்கிறார்கள். ஜோசி நடுவில் நிற்பது குழு மேனேஜரின் சகோதரி அலெக்சாண்ட்ராவுக்குப் பொறுக்கவில்லை. முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னால் வரப் பார்க்கிறாள். அந்தத் தள்ளுமுள்ளில் ராக்கெட் கிளம்பிவிடுகிறது, பூனை செபாஸ்டியன் உட்பட மொத்தக் கும்பலோடு. கல்யாண வீட்டு போட்டோவில் நடக்கிற அதே கூத்து. தொடர் தொடங்கியது 1972 செப்டம்பர் 9. அந்த டிசம்பரில் அப்பல்லோ 17 போய்வந்ததோடு நிலவில் கால்வைப்பதும் நின்றுபோனது. 1969-இல் உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த ராக்கெட், மூன்றே வருடத்தில் போட்டோவுக்குப் பின்னணியாகிவிட்டது. எடுத்தவர்கள் இதை யோசித்துச் செய்ததாக நான் நினைக்கவில்லை.

இன்னொன்று, வேலரி. குழுவில் மூளை வேலை முழுக்க அவளுடையது. இயந்திரம் பழுதானால் எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். சனிக்கிழமை கார்ட்டூன்களில் தொடர்ந்து வந்த முதல் கறுப்பினப் பெண் பாத்திரம் அவள். அதுவும் சும்மா நடந்துவிடவில்லை. 1970-இல் அவளுக்குப் பாடக் கறுப்பினப் பாடகி பாட்ரிஸ் ஹாலவேயைத் தேர்ந்தெடுத்தவர் தொடரின் பாடல்களைத் தயாரித்த டேனி ஜான்சன். வேலரியையே வெள்ளைக்காரப் பெண்ணாக்கிவிடலாம், வேறு பாடகியைப் போடு என்றது கம்பெனி. முடியாது என்று நின்றார் அவர். சில வாரம் இழுத்துப் பார்த்துவிட்டு கம்பெனிதான் இறங்கிவந்தது. மூன்று பேர் குழுவில் இன்னொரு குரல் செரில் லாட், பின்னாளில் ‘சார்லிஸ் ஏஞ்சல்ஸ்’ தொடரில் புகழ்பெற்றவர். உங்கள் மகள் பார்க்கும்போது வேலரி வரும் இடங்களை மட்டுமாவது எட்டிப் பாருங்கள்.

மகளுக்குப் பிடித்தது ப்ளீப்பாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் மெலடி தூக்கி வளர்க்கும் அந்த வேற்றுக்கிரகக் குட்டி. ‘ப்ளீப், ப்ளீப்’ என்பதைத் தவிர அதற்கு வேறு பேச்சில்லை. குழந்தைக்கு அது போதும். உங்களுக்கு வேண்டியது முகமூடி. அதற்கு 1973-இல் வந்த ‘நியூ ஸ்கூபி டூ மூவிஸ்’ கதை ஒன்று இருக்கிறது. ஆவி உலவும் படகில் ஸ்கூபி கும்பலும் ஜோசி குழுவும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும் கதை. இருவரும் சேர்ந்தே பார்க்கலாம். விண்வெளியில் தொலைந்த ஜோசி எப்போது பூமிக்கு வந்தாள் என்று மகள் கேட்பாள். நீங்களாக ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளுங்கள். கம்பெனி சொல்லவே இல்லை.