கேரவன் ஏறிவிடும், இறங்கும்போது யார் பிடிப்பது?

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். கோத்தகிரி அரவேணு பக்கம் கொஞ்சம் தேயிலை நிலம் இருக்கிறது. கோவையில் ஒரு புரோக்கர் மூலம் 16 அடி கேரவன் ட்ரெய்லர் ஒன்று, பழையது, நாலே முக்கால் லட்சத்துக்கு வருகிறது. நிலத்தில் நிறுத்தி, பிள்ளைகள் வரும்போது தங்கலாம், மற்ற நாளில் விருந்தினருக்கு விடலாம் என்று எண்ணம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை மைசூர் வரை இழுத்துப் போகவும் ஆசை. என்னிடம் இருப்பது ஸ்கார்ப்பியோ. "தாராளமா இழுக்கும் சார். எஞ்சின் இல்லாததால ஆர்.சி. வேண்டாம், சக்கரம் இருக்கறதால கட்டட அனுமதியும் வேண்டாம்" என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?

பதில்: அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடவில்லையே? கொடுக்காத வரை நல்லது.

உங்கள் புரோக்கரின் கணக்கைப் பாருங்கள். ரோட்டில் போகும்போது அது வீடு, அதனால் ஆர்.சி. வேண்டாம். நிலத்தில் நிற்கும்போது அது வண்டி, அதனால் அனுமதி வேண்டாம். இரண்டு இடத்திலும் அவருக்குச் சாதகமான பெயரை வைத்துக்கொள்கிறார். மாட்டினால் இரண்டு இடத்திலும் மாட்டப்போவது நீங்கள்தான்.

1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லரும் மோட்டார் வாகனம்தான். தனிப் பதிவு, தனி நம்பர், தனி இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். இதில் சந்தேகமே வேண்டாம். "அப்படியா சார், ஆர்.சி. இருக்கு" என்று நாளைக்கே ஒரு அட்டையை நீட்டுவார். அதைத்தான் நீங்கள் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். விவசாய டிராக்டர் பின்னால் ஓடிய டிப்பரின் ஆர்.சி.யை வைத்துக்கொண்டு, அதே சேஸிஸ், அதாவது இரும்பு அடிச்சட்டகத்தின் மேல் பிளைவுட் பெட்டி கட்டி, வெள்ளைப் பெயிண்ட் அடித்து, உள்ளே எல்.இ.டி. டிவி மாட்டி விற்கிறார்கள். ஆர்.சி. நிஜம், வண்டி வேறு. பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பிடிக்கும் நூல் அதுதான். ஆகவே சேஸிஸ் நம்பர் அடித்திருக்கும் இடத்தைத் தேடி, பெயிண்டைச் சுரண்டி, அதன் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகிறதா, வண்டியின் வகை என்று என்ன போட்டிருக்கிறது, அரசின் எம்-பரிவாஹன் செயலி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் படிவம் 29, 30 போட்டு முப்பது நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்ற வேண்டும். "அப்புறம் மாத்திக்கலாம்" என்ற பேச்சே கூடாது.

இந்தக் குழப்பத்தில் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கும் பங்கு உண்டு. முறையாகச் செய்வோம் என்று ட்ரெய்லர் ஃபைலோடு கவுன்ட்டருக்குப் போனால் முதல் கேள்வியே "டிராக்டர் நம்பர் என்ன?" என்பதுதான். டிராக்டர் இல்லை சார், கார் என்றால் மேலும் கீழும் பார்ப்பார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் வரட்டும் என்பார்கள். அவர் வந்தால் இன்னொரு சான்றிதழ் கேட்பார். ஒரு துறை கேரவன் சுற்றுலாவை வளர்க்கிறோம் என்கிறது, இன்னொரு துறைக்கு அந்தக் கேரவனை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. நேர்வழி இத்தனை முள்ளாகக் கிடப்பதால்தான் குறுக்குவழி காட்டுகிறவர் பிழைக்கிறார்.

சரி, ஸ்கார்ப்பியோ இழுக்குமா என்று கேட்டீர்கள். ஏற்றத்தில் இழுத்துவிடும். நல்ல டீசல் வண்டி எதுவும் இரண்டாம் கியரில் புகை தள்ளிக்கொண்டு ஏறிவிடும். எல்லாரும் அதை மட்டும் சோதித்துப் பார்த்துத் திருப்திப்படுகிறார்கள். என்னுடைய கவலை முழுக்க இறக்கம். மேட்டுப்பாளையம் கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோத்தகிரி 1,800 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இடையே 33 கிலோமீட்டர் மலைப்பாதை. ஒன்றரை டன் ட்ரெய்லர் இந்த உயரம் இறங்கி வரும்போது பிறக்கும் சூட்டைக் கணக்குப் போட்டால், சுமார் 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அதில் ஒரு பங்கைத்தான் எஞ்சினும் காற்றும் வாங்கிக்கொள்ளும். மிச்சம் பிரேக் டிரம்மில் இறங்கும். டிரம் சூடேறி விரிந்தால் லைனிங்கிலிருந்து விலகும், பெடல் ஆழமாகப் போகும், பேரிங் கிரீஸ் உருகி வெளியே வழியும்.

பழைய ட்ரெய்லர்களில் பெரும்பாலும் தள்ளுவிசையில் வேலை செய்யும் பிரேக்தான் இருக்கும். கார் வேகம் குறைத்ததும் ட்ரெய்லர் முன்னால் வந்து முட்டும். அந்த முட்டில் முன்தண்டு உள்ளே போய் பிரேக்கை இழுக்கும். சமவெளிக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் நீண்ட இறக்கத்தில் ட்ரெய்லர் ஓயாமல் காரை முட்டிக்கொண்டே வருவதால் பிரேக்கும் ஓயாமல் பிடித்தபடியே இருக்கும். நீங்கள் பெடலை மிதித்திருக்கவே மாட்டீர்கள், பின்னால் தீய்ந்த வாடை வரும். மலைக்கு மின்சார பிரேக் நல்லது. காருக்குள் சின்னக் கன்ட்ரோலர் இருக்கும், தேவைப்பட்ட இடத்தில் ட்ரெய்லரை மட்டும் தனியாகப் பிடிக்கலாம். வாங்கப் போகும் வண்டியில் எந்த வகை என்று புரோக்கரிடம் கேளுங்கள். "டிஸ்க்கா சார், டிரம்மா சார்" என்று குழம்பினால் அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

தள்ளுவிசை வகை என்றால் ஒரு சோதனை செய்யுங்கள். ட்ரெய்லரைக் காரிலிருந்து கழற்றி, ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்துவிட்டு, முன்தண்டை உடம்பு பலம் கொடுத்து உள்ளே தள்ளுங்கள். கனமாக, மெதுவாக உள்ளே போய், விட்டதும் மெதுவாக வெளியே வர வேண்டும். சடக்கென்று போய் அங்கேயே நின்றுவிட்டால் உள்ளே முட்டலை வாங்கிக்கொள்ளும் டேம்பர் செத்துவிட்டது. வளைவில் ரிவர்ஸ் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய அமைப்பு சிலவற்றில் பின்னால் தள்ளினாலும் பிரேக் பிடித்துக்கொள்ளும். கொண்டை ஊசியில் எதிரே பஸ் நிற்கும்போது அது தெரியவந்தால் உங்களுக்கும் சிரமம், பஸ்காரருக்கும் சிரமம்.

அடுத்தது ஹிட்ச், அதாவது ட்ரெய்லரை மாட்ட காரின் பின்னால் இருக்கும் உருண்டைக் கொக்கி. "வண்டிக்கு ஃப்ரீயா ஹிட்ச் போட்டுத் தரேன்" என்று சொல்லியிருப்பாரே? வேண்டவே வேண்டாம். லேத்தில் ஒரு உருண்டையைக் கடைந்து, பின் பம்பரிலேயே வெல்டிங் வைத்துவிடுவார்கள். ஹிட்ச் சேஸிஸில் போல்ட் போட்டுப் பிடிக்க வேண்டிய சாமான். உருண்டையின் அளவும் முக்கியம். 50 மில்லிமீட்டர் ஒரு வகை, இரண்டு அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர், இன்னொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. 50-க்கான கப்ளர், அதாவது ட்ரெய்லர் முனையில் உருண்டையைக் கவ்வும் பூட்டு, இரண்டு அங்குல உருண்டை மேல் முழுசாகப் பூட்டாமல் மேலோட்டமாக உட்கார்ந்திருக்கும், பூட்டியது போலவே தெரியும். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்துவிடுங்கள். உங்கள் காரின் கையேட்டில் எவ்வளவு எடை இழுக்கலாம் என்று போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. எதுவும் போடவில்லை என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வது இன்சூரன்ஸுக்குச் செல்லாது.

எடையையும் நம்பாமல் போட்டுப் பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு லாரிகளுக்கான எடை மேடைகள் இருக்கின்றன. காரிலிருந்து கழற்றிய ட்ரெய்லரை முழுசாக மேடையில் நிறுத்தினால் மொத்த எடை. முன்னால் இருக்கும் சின்னச் சக்கரத்தை மட்டும் மேடைக்கு வெளியே வைத்து இன்னொரு தடவை போட்டால் எடை குறையும். அந்த வித்தியாசம்தான் உங்கள் ஹிட்ச்சின் மேல் உட்காரும் பாரம். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தால் நல்லது. ரொம்பக் குறைந்தால், அதாவது தண்ணீர்த் தொட்டியும் சாமானும் ஆக்ஸிலுக்குப் பின்னால் இருந்தால், இறக்கத்தில் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. தொட்டியை மலைக்கு மேலே போய் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மைசூர் ஆசைக்கு வருகிறேன். கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 36 கொண்டை ஊசி, கடுமையான சரிவு. வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்க விடுவதே இல்லை. உங்கள் வண்டி நீலகிரிப் பதிவான டி.என்.43 என்று உங்களை விட்டாலும் ட்ரெய்லரோடு போகிற பாதை அது இல்லை. நடுவட்டம், கூடலூர் வழி போங்கள். பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை பாதை மூடியிருக்கும், அதற்கேற்பக் கிளம்புங்கள். மே மாத சீசனில் மேட்டுப்பாளையம் பக்கம் ஒருவழிப் பாதை ஆக்குவார்கள். குன்னூர் வழி ஏற்றம், கோத்தகிரி வழி இறக்கம். அந்தச் சமயத்தில் ட்ரெய்லரை ரோட்டில் எடுக்காமல் இருப்பதே மேல். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், வேண்டுமானால் இன்னொன்று கீழே போடுங்கள். வளைவில் ட்ரெய்லர் சக்கரம் காரைவிட உள்வாங்கி வெட்டும், அதனால் உள்பக்கம் இடம் விட்டு, அகலமாகத் திரும்புங்கள். அரவேணு பக்கம் பனியில் காட்டெருமை நடு ரோட்டில் நிற்கும். ட்ரெய்லரோடு பின்வாங்க முடியாது, ஹெட்லைட்டைத் தாழ்த்திவிட்டு அது போகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு மலைத்துப் போனால் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது, அதை விரிவாகவே சொல்கிறேன். கேரவன் நிலத்தில் நின்றால் போதும், மைசூர் போகாவிட்டாலும் பரவாயில்லை என்றால் இழுத்து வராதீர்கள். லாரியில் ஏற்றி வாருங்கள். தாழ்வான தட்டுள்ள ரெக்கவரி லாரி போதும். அப்போது அது லாரியின் சரக்கு. பிரேக், ஹிட்ச், ஸ்கார்ப்பியோ எதுவும் கேள்வியில் வராது. ஆனால் தட்டின் உயரத்தோடு கேரவன் உயரத்தைச் சேர்த்து அளந்து, வழியில் தாழ்ந்து தொங்கும் மரக்கிளை, கேபிள் ஒயர் எல்லாவற்றையும் முன்னாடியே ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள். பட்டையைப் பெட்டியின் மேல் போட்டு இறுக்கினால் பிளைவுட் நசுங்கும், ஆக்ஸிலிலும் சேஸிஸிலும் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். விற்பனை ரசீது கையில் இருக்கட்டும். உங்கள் நிலத்து மண் பாதை லாரியைத் தாங்குமா, மழை பெய்த மறுநாள் தாங்குமா என்றும் பாருங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: இந்தச் சலுகை சக்கரம் ரோட்டில் உருளாத வரைதான். மேல் தோட்டத்திலிருந்து கீழ்த் தோட்டத்துக்கு மாற்றலாம் என்று டிராக்டரில் மாட்டி, நடுவில் இருக்கும் பஞ்சாயத்து ரோட்டைக் குறுக்கே கடந்தாலும் அது பதிவில்லாத வண்டியை ஓட்டியதுதான். இருபது அடிதானே என்று யாரும் விடமாட்டார்கள்.

விருந்தினருக்கு விடுவது தனி விஷயம். மலைப் பகுதிக்குக் கட்டட விதிகள் கடுமை. சக்கரம் இருப்பதால் விதி பொருந்தாது என்று புரோக்கர் சொல்வதை உங்கள் உள்ளாட்சி அலுவலகம் எழுத்தில் சொல்லட்டும், அதற்கப்புறம் நம்புங்கள். ஹோம்ஸ்டே, கேம்பிங், கேரவன் பார்க் எல்லாவற்றுக்கும் சுற்றுலாத் துறையில் பதிவு உண்டு. குளிர்கிறது என்று யாராவது கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் உயிர் போகும். கொடைக்கானலில் அப்படி இறந்தவர்கள் இருக்கிறார்கள். கேரவன் தரையில் இருக்கும் காற்றுத் துளைகளை "எலி வரும்" என்று அடைக்காதீர்கள், வலை போடுங்கள்.

கடைசியாக, நிறுத்தி வைக்கும் முறை. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பிடிக்கும். ஈரத்தில் மாதக்கணக்கில் ஹேண்ட் பிரேக் போட்டே வைத்தால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் நிறுத்தி, நாலு பக்கமும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்கள். டயர் தேயாமலே கெடும். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இல் 23-ஆம் வாரம் செய்தது. பூ தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு அந்த எண்ணையும் பாருங்கள், ஆறு வருஷம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். கூரை மூலைகளிலும் ஜன்னல் விளிம்பிலும் விரலால் அழுத்துங்கள், மெத்தென்று உள்ளே போனால் பிளைவுட் ஊறிவிட்டது. மழைக்காலம் முடிந்து முதல் முறை நகர்த்தும்போது, நிலத்திலேயே கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, இரண்டு பக்கச் சக்கரமும் தடையில்லாமல் சுழல்கின்றனவா என்று பார்த்துவிட்டு ரோட்டில் ஏற்றுங்கள்.