பழைய புகைப்படங்களை வைத்து மெக்சிகோப் பெண்களின் நிலை மாறியதைச் சொல்ல முடியுமா?

நீங்கள் கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் தேடியதும் முதலில் வந்து நிற்பது 'அதெலிதா' படமாகத்தான் இருக்கும். ரயில் பெட்டிப் படியில் ஒரு பெண், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி உடம்பை வெளியே நீட்டி, எதையோ பதற்றத்தோடு பார்ப்பாள். 1910-இல் தொடங்கிய மெக்சிகோ புரட்சியின் வீராங்கனை என்று கீழே போட்டிருப்பார்கள். அந்தப் படத்தால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

நான் ஒரு வார இதழில் பக்க வடிவமைப்பு செய்துகொண்டிருந்தேன். மகளிர் தினச் சிறப்பிதழுக்குப் 'போராளிப் பெண்கள்' என்று இரண்டு பக்கம். பொறுப்பாசிரியர் கொடுத்தது வெட்டிய படம், அந்த ஒரு முகம் மட்டும். நான் முழுப் படத்தைத் தேடி எடுத்தேன். அதில் அவள் தனியாக இல்லை. பக்கத்தில் வேறு பெண்களும் நிற்கிறார்கள், யாரும் யாரையும் பார்க்கவில்லை. 1912 ஏப்ரலில் மெக்சிகோ நகரத்தின் புவெனவிஸ்தா ரயில் நிலையத்தில் எடுத்தது. அந்த ரயிலில் கிளம்பியது புரட்சிப் படைகூட இல்லை, வடக்கே கலகத்தை அடக்கப் போன அரசுப் படை. எடுத்தவர் ஹெரோனிமோ எர்னாந்தெஸ். ஆனால் காசசோலா என்ற புகைப்பட நிறுவனத்தின் சேகரிப்பில் இருந்ததால், பல காலம் அது அதன் நிறுவனர் அகுஸ்தின் காசசோலா எடுத்ததாகவே சொல்லப்பட்டது.

இதையெல்லாம் சொல்லி முழுப் படத்தையே போடலாம் என்றேன். "அத்தனை பேர் எதுக்கும்மா? ஒரு முகம்தான் பக்கத்துல நிக்கும்" என்றார் பொறுப்பாசிரியர். வெட்டிய படம்தான் அச்சுக்குப் போனது. கீழே 'துப்பாக்கி ஏந்திய மங்கை' என்று ஒரு வரி. படத்தில் துப்பாக்கியே கிடையாது!

அப்படியானால் பெண்கள் சண்டையே போடவில்லையா என்று யாராவது கமெண்ட்டில் கேட்பீர்கள். போட்டார்கள். பெத்ரா எர்ரெரா ஆண் வேடத்தில் சேர்ந்து சண்டை போட்டவர். அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் 'சோல்தாதேரா' என்று அழைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சோளம் அரைத்து, ரொட்டி சுட்டு, காயத்துக்குக் கட்டுப் போட்டு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு படையின் பின்னால் போனவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் படைக்குச் சாப்பாடே இல்லை. கூட நிற்கிறவர்களை வெட்டி ஒருத்தியை மட்டும் வைத்தால், இந்த உழைப்புதான் முதலில் காணாமல் போகிறது. இத்தனைக்கும் புரட்சியில் பிறந்த 1917 அரசியல் சாசனம் அவர்களுக்கு ஓட்டுரிமை தரவில்லை. நாடு முழுவதும் ஓட்டுரிமை கிடைத்தது 1953-இல்.

அதே 1953-இல் நாச்சோ லோபெஸ் எடுத்த படத்தையும் பாருங்கள். மெக்சிகோ நகரத்து மதேரோ தெருவில் ஒரு பெண் நடந்து போகிறாள், ஆண்கள் வழிமறித்தாற்போல் நின்று வெறிக்கிறார்கள். நடந்தது மாத்தி ஊய்த்ரோன் என்ற நடிகை. லோபெஸ்தான் அவரை அப்படி நடக்கவிட்டு எடுத்தார். அதற்காகப் படம் பொய் என்று தள்ளிவிடாதீர்கள், ஆண்கள் பார்க்கிற பார்வையை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கத் தேவையில்லை. ஓட்டுரிமை வந்த வருஷத்தில் தெரு எப்படி இருந்தது என்பதற்கு அது சாட்சி.

அப்புறம் கிராசியேலா இதுர்பிதே 1979-இல் தெற்கு மெக்சிகோவின் ஹுச்சித்தான் ஊர்ச் சந்தையில் எடுத்தது: தலையில் உயிருள்ள இகுவானாக்களோடு (பெரிய பல்லி இனம்) ஒரு பெண் வியாபாரி. தேவி மாதிரி நிமிர்ந்து நிற்கிறாள். அதே பிலிம் சுருளின் மற்ற பிரேம்களில் அவளே சிரிக்கிறாள். எனக்கு அந்தச் சிரிப்பும் வேண்டும்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் இதழில் அந்த அதெலிதா படத்துக்குக் கீழே 'நன்றி: இணையம்' என்று போட்டார்கள். மாவட்டப் புகைப்படக்காரர்கள் வெயிலில் அலைந்து எடுத்து அனுப்பும் படத்துக்கும் அதே வரிதான், பல நேரம் பணமும் கிடையாது. எடுத்தவர் பெயரைப் போட ஒரு வரி இடம் போதும். எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை.

உங்கள் ப்ராஜெக்ட்டுக்குக் காசசோலா சேகரிப்பு இப்போது மெக்சிகோவின் பச்சுகா நகரத்துத் தேசியப் புகைப்படக் காப்பகத்தில் இருக்கிறது. நிறையப் படங்களை இணையத்திலும் பார்க்கலாம். அங்கிருந்து வெட்டாத படத்தை எடுங்கள், எடுத்தவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.