செடிகள் வாடுகின்றன, மனமும் சோர்கிறது: என்ன செய்வது?

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். வீட்டிலிருந்தே அலுவலக வேலை. ஒன்றரை வயதில் குழந்தை. செடி வளர்த்தால் மனஅழுத்தம் குறையும் என்று தோழி சொன்னதால் நர்சரியில் ஒரே நாளில் பத்துச் செடிகள் வாங்கினேன். தினமும் காலையில் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். அப்படியும் பீஸ் லில்லி மஞ்சளாகிறது, ஹாலில் வைத்த துளசி பட்டுப்போய்விட்டது, மணி பிளாண்ட் வளராமல் அப்படியே நிற்கிறது. இப்போது தொட்டிகளைப் பார்த்தாலே குற்றவுணர்வு வருகிறது. விட்டுவிடலாமா? கிழக்குப் பார்த்த சிறிய பால்கனி ஒன்று உண்டு.

பதில்: விட வேண்டாம், குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று செடிகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுங்கள். கைக்குழந்தையும் அலுவலக வேலையுமாக இருப்பவருக்குப் பத்துத் தொட்டி அதிகம். எந்த நர்சரியிலும் இதைச் சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

தோழி சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் செடி வீட்டுக்குள் இருந்தாலே போதும், காற்று சுத்தமாகும், மனம் தெளியும் என்று பரவியிருக்கும் பேச்சை நம்பிவிடாதீர்கள். 1989இல் வெளியான நாசா ஆய்வைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது காற்றுப் புகாத சிறு அறைகளில் நடந்த சோதனை. நம் வீடு அப்படி இல்லை. 2019இல் இத்தகைய சோதனைகளை மறுபரிசீலனை செய்த அமெரிக்க ஆய்வாளர்கள், சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்து, சில கணக்குகளில் ஆயிரம் செடிகள்கூட வேண்டியிருக்கும் என்றார்கள். காற்றுக்காக என்றால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், செலவில்லை.

பலன் வருவது கை வேலையிலிருந்து. 2015இல் தென்கொரிய ஆய்வாளர்கள் 24 இளைஞர்களைச் செடியைத் தொட்டி மாற்றி நடவும், கணினியில் ஒரு வேலையைச் செய்யவும் வைத்து ஒப்பிட்டார்கள். செடி நட்ட பிறகு ரத்த அழுத்தம் குறைவாக இருந்தது. மனமும் இலகுவாக இருப்பதாக அவர்கள் சொன்னார்கள். சிறிய ஆய்வுதான், அதை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. 1976இல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு பிரிவினருக்கும் செடி கொடுத்தார்கள். ஒரு பிரிவில் முதியவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும்; மற்றதில் செவிலியர்கள் தண்ணீர் ஊற்றினார்கள். தாமே பார்த்துக்கொண்டவர்கள் கூடுதல் சுறுசுறுப்போடு இருந்தார்கள். அவர்களுக்கு வேறு சில முடிவுகளை எடுக்கும் உரிமையும் சேர்த்தே தரப்பட்டது என்பதால் முழுப் பெருமையும் செடிக்குப் போகாது.

சரி, உங்கள் செடிகள் ஏன் வாடுகின்றன? பீஸ் லில்லியைப் பொறுத்தவரை காரணம் அந்தத் தவறாத தினசரித் தண்ணீர் என்றே நினைக்கிறேன். மண் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் காற்று இருக்க வேண்டும். வேரும் மூச்சு விடுகிறது. எப்போதும் ஈரமாக இருந்தால் அந்த இடைவெளிகளில் நீர் நிரம்பி வேர் மூச்சடைத்து அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது, எனவே இலை தொங்குகிறது. இலை தொங்குவதைப் பார்த்து, தாகம் என்று நினைத்து மேலும் ஒரு குவளை ஊற்றுகிறோம். வீட்டுச் செடிகள் தண்ணீர் இல்லாமல் சாவதைவிட இப்படிச் சாவதுதான் அதிகம்.

நீங்களே பார்த்துவிடலாம். செய்தித்தாளை விரித்து, தொட்டியைச் சாய்த்து, விளிம்பில் தட்டிச் செடியை மண்ணோடு வெளியே எடுங்கள். நல்ல வேர் வெண்மையாக, அழுத்தினால் விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை விரலால் இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்து, நடுவில் நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். சாக்கடை வாடையும் அடிக்கும். அவற்றைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு, புதிய மண் கலவையில், வேரின் அளவுக்கேற்ற சிறிய தொட்டியில் நடுங்கள். புதுத் துளிர் வரும்வரை உரம் வேண்டாம். நோயாளிக்கு விருந்து வைக்கக் கூடாது.

அப்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். நம் ஊர் நர்சரிகளில் வேரைச் சுற்றிக் களிமண் கலந்த செம்மண் உருண்டை இறுகிப் பிடித்திருக்கும். அதன் மேல் நாம் தென்னை நார்க்கழிவைப் போட்டு நிரப்புகிறோம். ஊற்றிய தண்ணீர் உருண்டைக்குள் இறங்காமல் ஓரமாக வழிந்து ஓடிவிடும். ஒரே தொட்டியில் ஒரு பக்கம் சதசதப்பு, ஒரு பக்கம் வறட்சி. உருண்டையைச் சிறிது நேரம் நீரில் ஊறவைத்து, வேர் அறுபடாமல் விரலால் மெல்ல உதிர்த்துவிடுங்கள். செம்மண், நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம அளவு, அதோடு ஒரு கை பருமணல் கலந்தால் போதும்.

இனி நாள் கணக்கு வைத்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் தட்டினால் அன்று விடுமுறை. நார்க்கழிவு மேலே காய்ந்து வெளுத்திருந்தாலும் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், கண்ணை நம்ப வேண்டாம். ஊற்றும் நாளில் அடித்துளை வழியாக நீர் வெளியேறும்வரை ஊற்றுங்கள். மே மாத வெயிலில் இரண்டு நாளுக்கு ஒருமுறை கேட்கும் அதே தொட்டி, ஐப்பசி மழையில் ஒரு வாரம்கூடத் தாங்கும். போர்வெல் தண்ணீரானால் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படியும், இலை நுனி கருகும். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு அநேகமாக இருக்காது. அழகுச் செடிகளுக்கு அதை ஊற்றலாம். சாப்பிடும் செடிகளுக்கு வேண்டாம். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரில் உப்பு கூடுதலாக இருக்கும் என்பதால் எந்தச் செடிக்கும் நல்லதல்ல.

தட்டில் தேங்கும் நீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளர அந்தக் கொஞ்ச நீர் போதும். அதன் முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பல மாதங்கள் காய்ந்த நிலையிலும் உயிரோடு இருக்கும். எனவே வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். பாட்டிலில் மணி பிளாண்ட் வைத்தால் அதன் நீரையும் வாராவாரம் மாற்ற வேண்டும்.

மணி பிளாண்ட் நின்றுபோனதற்குக் காரணம் பெரும்பாலும் வெளிச்சக் குறைவு. நண்பகலில் தொட்டி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஓரடி உயரத்தில் கையை நீட்டுங்கள். நிழல் தெளிவாக விழுந்தால் நல்லது, மங்கலாக விழுந்தால் பரவாயில்லை, விழவே இல்லை என்றால் எந்தச் செடியும் அங்கே வளராது. ஜன்னலுக்குப் பக்கத்தில் மாற்றுங்கள், ஆனால் உயரத்தில் தொங்கவிடுங்கள். மணி பிளாண்ட், பீஸ் லில்லி இரண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் உண்டு. குழந்தை கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். பீஸ் லில்லி பிழைத்தால், சிறு குழந்தையோ பூனையோ நாயோ இல்லாத வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள் என்பேன்.

வைத்துக்கொள்ளும் மூன்றில் மணி பிளாண்ட் போக மற்ற இரண்டு செடிகள் பால்கனியில் இருக்கட்டும். ஒன்று துளசி. அது வெயில் செடி, ஹாலில் வைத்தால் யார் வளர்த்தாலும் பட்டுத்தான் போகும். காலை வெயில் உள்ள உங்கள் பால்கனியில் புதிதாக ஒன்று வையுங்கள். இன்னொன்று கற்பூரவல்லி. காசு கொடுத்து வாங்காதீர்கள். யாரிடமாவது ஒரு சாண் கிளையை ஒடித்து வாங்கி, கீழ் இலைகளை நீக்கி மண்ணில் ஊன்றினால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். ஓரிரு நாள் மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. மழை நாளில் பஜ்ஜிக்கும் ஆகும்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு வேலை எப்போது முடிந்தது என்றே தெரிவதில்லை. எனவே செடி நேரத்தைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்றுங்கள். கடைசி அழைப்பு முடிந்து மடிக்கணினியை மூடியதும் கைபேசியை உள்ளே வைத்துவிட்டு, பத்து நிமிடம் பால்கனியில் நில்லுங்கள். தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, பார்த்தால் போதும். துளசிக் கதிர்களைக் கிள்ளுங்கள். செடியும் தழைக்கும், விரலில் மணமும் நிற்கும். இலையைத் திருப்பி, காம்பு சேரும் இடத்தில் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஈரத் துணியால் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, குழந்தை பக்கத்தில் இல்லாதபோது தெளிக்கலாம். சமையலுக்குப் பறிக்கும் இலைகளில் தெளிக்க வேண்டாம். குழந்தை ஒரு சிறு குவளையோடு கூட நிற்கட்டும். ஏதாவது ஒரு நாள் முடியவில்லையா, போகாதீர்கள். அதற்குக் கணக்கு எழுத வேண்டாம்.

குற்றவுணர்வு பற்றி ஒரு வார்த்தை. நர்சரியின் நிழல்வலைக்குள் வளர்ந்த செடி வீட்டுக்கு வந்ததும் சில இலைகளை உதிர்ப்பது இயல்பு. செடி பட்டுப்போவது தோட்டக்கலைப் படிப்பு படித்தவர்களுக்கும் நடக்கிறது. ஆனால் எதிலும் விருப்பமின்மை, தூக்கக் கேடு, அழுகை, தன்மேலேயே வெறுப்பு இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தொட்டியில் மருந்து தேட வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். குழந்தை பெற்ற தாய்மார்களுக்கு இந்த மனச்சோர்வு அதிகம் வருகிறது, சிகிச்சையும் இருக்கிறது. மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416. எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

இந்த வார இறுதியில் பீஸ் லில்லியின் வேரைப் பார்ப்பதும் மணி பிளாண்டை ஜன்னலுக்கு மாற்றுவதும் மட்டும் போதும். துளசியும் கற்பூரவல்லியும் அடுத்த வாரம். அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு நர்சரிப் பக்கம் போகாதீர்கள்.