மண் தாங்கும் சுவரின் மேல் பத்தித் தூண்களை நிறுத்தலாமா?

விறாந்தைக்கு முன்னால் 3 அடி மண் தாங்கும் சுவர் இருக்கிறது, பத்தி (வீட்டோடு சேர்ந்த சாய்வுக் கூரை) இறக்கும்போது தூண்களை அதன் மேலேயே நிறுத்தினால் அத்திவாரச் செலவு மிச்சம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நாங்கள் அப்படிச் செய்து கஷ்டப்பட்டவர்கள்.

எங்கள் வளவு கிளிநொச்சியில், வயற்கரையில். கிறவல் கொட்டி நிலத்தை உயர்த்தி, 6 அங்குலச் சீமெந்துக் கல்லால் சுவர் கட்டியிருந்தோம். 2018இல் அதன் மேல் மூன்று இரும்புக் குழாய்களைத் தகடு வைத்து போல்ட் இறுக்கி, 12க்கு 10 அடியில் தகரம் போட்டோம். அந்த மார்கழி வெள்ளத்தோடு மேல்வரிக்குக் கீழே நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. சாந்து பூசிவிட்டோம். அடுத்த ஆனியில், சோளகம் பிடித்த ஒரு பின்னேரம், கூரை ஒரு பக்கமாக எழும்பியது. போய்ப் பார்த்தால் போல்ட் ஒன்றுகூடக் கழரவில்லை. மேல்வரிக் கல் இரண்டு தகட்டோடு சேர்ந்து பெயர்ந்து அந்தரத்தில் தொங்கின.

தகரப் பத்தியின் பாரம் கொஞ்சம்தான், அதைச் சுவர் தாங்கும். காற்று கீழால் புகுந்து தூக்குவதுதான் வில்லங்கம். மணிக்கு 72 கிலோமீற்றர் வேகக் காற்று சதுர மீற்றருக்குச் சுமார் 25 கிலோ அளவுக்கு உந்தும். எங்கள் பத்திக்கு அது 270 கிலோவுக்கு மேல். கம்பி இல்லாத கல்வரி மேலிருந்து அமுக்கினால் தாங்கும், இழுத்தால் சாந்து விட்டுவிடும். சுவருக்கோ ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. பின்னால் உள்ள மண்ணில் மழைநீர் தேங்கினால் சுவரைத் தள்ளும் விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும்.

சரி, என்ன செய்யலாம்? சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு உள்ளே தள்ளித் தூணை வையுங்கள். அப்போது தூணின் பாரம் சுவரை உந்தாது. கூரையைத் தூணுக்கு வெளியே 2 அடி நீட்டிக்கொள்ளலாம். இடம் போதாவிட்டால் சுவருக்குக் கிட்டவும் வைக்கலாம், ஆனால் குழி சுவரின் அத்திவாரத்து அடிமட்டம் வரை போகவேண்டும். கொட்டிய கிறவலில் நிறுத்தாமல் பழைய கெட்டி மண்வரை தோண்டுங்கள். எங்களுக்கு 4 அடி போனது. அந்த ஆழத்துக்கு ஒன்றரைக்கு ஒன்றரை அடிக் குழியில் கொங்கிறீற் போட்டால் ஒரு தூணின் அடியில் சுமார் 600 கிலோ இருக்கும், குழாயையும் அதற்குள் கம்பியோடு பிடிக்க வைத்துவிடுங்கள். முருங்கன் பக்கம்போல் கோடையில் வெடிக்கும் களி என்றால் இன்னும் ஆழம் வேண்டும்.

மாரியில் தோண்டவே வேண்டாம். எல்லாக் குழியையும் ஒரே நாளில் திறக்கவும் வேண்டாம். பத்திக்குப் பீலி வைத்துத் தண்ணீரைச் சுவருக்கு அப்பால் விடுங்கள். சுவரில் 6 அடிக்கு ஒன்றாவது 2 அங்குலக் குழாய் வைத்து, பின்னால் சல்லி போட்டால் ஊறும் நீர் வடியும்.

முதலில் சுவரின் நீளத்துக்கு நூல் பிடித்துப் பாருங்கள். நடுவில் வயிறு தள்ளியிருந்தாலோ, உயரம் 4 அடியைத் தாண்டினாலோ, ஒரு பொறியியலாளரைக் கூட்டிவந்து காட்டிய பிறகுதான் மேசனுக்கு முற்பணம் கொடுக்கவேண்டும்.