டார்ஜிலிங் தவிர, இமயமலை அடிவாரத்தில் கூட்டமில்லாத தேயிலை ஊர் எது?

பாலம்பூர். இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர். யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த ஊரைத்தான்.

குன்னூரையும் வால்பாறையையும் பார்த்துப் பழகியவர்கள் சரிவுகளைத் தேடுவார்கள். இங்கே தேயிலை பெரும்பாலும் மெல்ல ஏறி இறங்கும் நிலத்தில் வளர்கிறது. அதன் பின்னால் இடையில் குன்றுகள் ஏதுமின்றி தௌலாதார் மலைத்தொடர் நேராக எழும்பி 4,000 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. ஏப்ரல் காலையில் செடிகளுக்கு நடுவே நின்றால் கண் எதிரே பனி. காலடியில் அந்தப் பனி உருகி ஓடிவரும் வாய்க்கால். ‘கூல்’ என்று அழைக்கப்படும் இந்த வாய்க்கால்கள் வீட்டு வாசல்களை ஒட்டியே வயல்களுக்குப் போகின்றன. பழைய வீடுகளுக்குச் சாம்பல் நிறக் கற்பலகைக் கூரை. மழை விட்டதும் அந்தக் கூரைகள் மின்னுவதைப் பார்ப்பதற்காகவே சந்துகளில் நடக்கலாம்.

இந்த ஊரின் மீது எனக்குப் பற்று வந்ததற்குக் காரணம் அதன் தேயிலையின் கதை. 1849-ல் ஜேம்ஸன் என்ற தாவரவியல் அதிகாரியின் முயற்சியால் சீன வகைச் செடிகள் இங்கே வந்தன. சில பத்தாண்டுகளில் காங்ரா தேயிலைக்கு நல்ல பெயர் கிடைத்தது. பச்சைத் தேயிலை அமிர்தசரஸ் வழியாக ஆப்கானிஸ்தான் வரை போனது. 1905 ஏப்ரல் 4-ஆம் தேதி அதிகாலையில் வந்த நிலநடுக்கம் ஏறத்தாழ 20,000 உயிர்களைக் கொண்டுபோனது. தேயிலை ஆலைகள் இடிந்தன, தொழிலாளர்கள் மாண்டார்கள். ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் பலர் வந்த விலைக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். நிலம் உள்ளூர்க்காரர்கள் கைக்கு வந்தது. ஆனால் பழைய சந்தை திரும்பவில்லை. தோட்டங்கள் துண்டு துண்டாகின, பல கைவிடப்பட்டன. பராமரிப்பில்லாமல் மரமாகவே வளர்ந்துவிட்ட தேயிலைச் செடிகளை இன்றும் பார்க்கலாம். பறிக்க ஆள் கிடைப்பதில்லை என்பதுதான் சிறு தோட்டக்காரர்களிடம் நான் அதிகம் கேட்ட வருத்தம்.

இத்தனைக்கும் பிறகு இந்தத் தேயிலை பிழைத்திருக்கிறது. 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023-ல் ஐரோப்பிய ஒன்றியமும் அதே வகைப் பாதுகாப்பை அளித்தது. ஆனாலும் கடைவீதியில் ‘சாய்’ கேட்டால், வட இந்தியாவில் எங்கும் கிடைக்கும் பால் தேநீர்தான் வரும். காங்ரா தேயிலையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கூட்டுறவு ஆலையில் கேளுங்கள், முடிந்தால் ஏப்ரல் மாதத் தளிரில் செய்ததாகக் கேளுங்கள். பால் சேர்க்காதீர்கள். கொதி அடங்கிய நீரில் மூன்று நிமிடம் போதும். வெளிர் பொன்னிறத்தில் இறங்கும், கசப்பு மிகக் குறைவு.

சுற்றிப் பார்க்க பைஜ்நாத் சிவன் கோயில் (13-ஆம் நூற்றாண்டுக் கற்கோயில், ராவணன் சிவனை வழிபட்ட தலம் என்பதால் தசராவுக்கு இங்கே அவன் உருவத்தை எரிப்பதில்லை), மண்பாண்டக் கலைஞர்களின் அந்த்ரேட்டா கிராமம், நியூகல் ஓடை. எங்காவது கல்யாண விருந்துக்கு அழைத்தால் மறுக்காதீர்கள். தரையில் பந்தியாக அமர்த்தி, தைத்த இலையில் சோறும், தயிரில் வெந்த கொண்டைக்கடலை மத்ராவும் பரிமாறுவார்கள். நம் பந்தியை அறிந்தவர்களுக்கு அந்த உபசாரம் உடனே புரியும்.

ஏப்ரலிலோ அக்டோபர், நவம்பரிலோ போங்கள். ஜூலை, ஆகஸ்டில் மழை கொட்டும், சாலைகள் சரியும். டெல்லியிலிருந்து இரவு பஸ் உண்டு. காங்ரா விமான நிலையமும் அருகில்தான். பதான்கோட்டிலிருந்து ஜோகிந்தர்நகர் வரை போகும் குறுகிய ரயில்பாதை இந்த ஊர் வழியாகத்தான் செல்கிறது. 2022 வெள்ளத்தில் சக்கி ஆற்றுப் பாலம் இடிந்ததால் அந்தச் சேவை பாதிக்கப்பட்டது. அதனால் எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது என்று விசாரித்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.